இன்னொருவர் உண்டா?

ரபீஉல் அவ்வல் மாதத்து மேடைகளில் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு விரித்துரைக்கப்படும்போது, தாயிஃப் நகரத்துக் கல்லடியும் உஹது மலையடிவாரத்தில் சிந்திய இரத்தமும் கேட்போரின் கண்களைக் குளமாக்குகின்றன. அபூதாலிப் கணவாயில் கழிந்த ஆண்டுகளோ பெரும்பாலும் இரண்டொரு வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. கல்லடிக்கு ஓசை உண்டு. இரத்தத்திற்கு நிறம் உண்டு. ஒரு மனிதனோடு பேசாதிருப்பதற்கும், அவன் வீட்டோடு கொள்வினை கொடுப்பினை இல்லாதிருப்பதற்கும் ஓசையுமில்லை, நிறமுமில்லை. காயம் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் இடமுமில்லை.

ஆயினும் இந்தக் காயம் எவ்வளவு ஆழமானது என்பதை நமது வரலாறு இரண்டு இடங்களில் மிக நுட்பமாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஒன்று, மக்காவில் குறைஷியர் ஒரு குலத்தையே விலக்கி வைத்தது. மற்றொன்று, அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மதீனாவில் மூன்று தோழர்களோடு ஊரே பேசாதிருந்தது. முன்னது கொடுமை; பின்னது திருத்தம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. விலக்கப்பட்டவரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது, விலக்கி வைத்தவரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது, அந்த விலக்கு எவ்வாறு முடிவுற்றது என்பவற்றை மட்டுமே நாம் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

நபித்துவத்தின் ஏழாம் ஆண்டு, ஏறத்தாழ கி.பி. 616. ஹம்ஸா (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் இஸ்லாத்தைத் தழுவிவிட்டனர். முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் அபிசீனியாவில் அடைக்கலம் பெற்றிருந்தனர். அபூதாலிபோடு பேரம் பேசிப் பார்த்த குறைஷித் தலைவர்களுக்கு அதில் பலன் கிட்டவில்லை. கொன்றுவிடலாம் என்றாலோ இரத்தப் பழி குலத்தைத் துரத்தும். ஆகவே இரத்தம் சிந்தாத ஆயுதம் ஒன்றை அவர்கள் தேர்ந்தனர். பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் ஆகிய குலத்தாரிடம் பெண் கொடுப்பதில்லை, பெண் எடுப்பதில்லை. அவர்களுக்கு எதையும் விற்பதில்லை, அவர்களிடமிருந்து எதையும் வாங்குவதில்லை என்று ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டுக் கஃபாவின் உள்ளே தொங்கவிடப்பட்டது. அந்த ஏட்டின் தலைப்பில் இறைவனின் பெயர் இருந்தது. மனிதர்கள் தமது கொடுமைகளுக்கு முகப்பெழுத இறைவனின் பெயரை எடுத்துக்கொள்வது அன்று தொடங்கியதுமன்று, அன்றோடு முடிந்ததுமன்று.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் அந்த விலக்கு நீடித்தது. பசித்த குழந்தைகளின் அழுகுரல் இரவில் கணவாய்க்கு வெளியிலும் கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இலைதழைகளைத் தின்று பசியாற்றிய நாட்களும் உண்டு. கதீஜா (ரலி) அவர்களின் உடன்பிறந்தார் மகனான ஹகீம் இப்னு ஹிஸாம் தம் அத்தைக்காகக் கோதுமை எடுத்துச் சென்றபோது அபூஜஹ்ல் வழிமறித்தான். அவ்வழியே வந்த அபுல் பக்தரீ, அத்தைக்குச் சேரவேண்டிய தானியத்தைத் தடுக்க நீ யார் என்று கேட்டு, கீழே கிடந்த ஒட்டகத் தாடையெலும்பால் அவனை அடித்தே விட்டார். அபுல் பக்தரீ முஸ்லிம் அல்லர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவாயில் புகுந்தவருள் மிகப் பலர் அன்று இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. குலப்பற்று ஒன்றே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. வெளியே போய்ச் சேர்ந்துகொண்டவன் அபூலஹபு. மற்றவர்கள் வயிறு ஒட்டிய நிலையிலும் பெருமானாரைக் கைவிடவில்லை. அபூதாலிப் இரவில் அண்ணலாரின் படுக்கையை மாற்றி, அவ்விடத்தில் தம் மக்களுள் ஒருவரைப் படுக்க வைப்பார் என்பர். குறைஷியரின் கணக்கு இங்கேதான் பிழைத்தது. அவர்கள் உணவைத் தடுத்தனர். உறவைத் தடுக்க முடியவில்லை. கணவாய்க்குள் உணவு இல்லை, ஆனால் முகம் பார்த்துப் பேச ஆள் இருந்தது. ஒரு குழந்தை அழுதால் பக்கத்துக் கூடாரத்துக்காரி எடுத்துத் தேற்றினாள். 1995-ல் ராய் பாமைஸ்டர், மார்க் லியரி என்னும் இரு அமெரிக்க உளநூலார், ஒரு கூட்டத்தைச் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நாட்டம் மனிதனின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என்று விரிவாக எழுதினர். அந்தத் தேவை நிறைந்திருந்தால் வயிற்றுப் பசியைக்கூடத் தாங்கலாம் என்பதற்குக் கணவாய்வாசிகள் சான்று. அது நிறையாவிட்டால், வயிறு நிறைந்திருந்தும் என்ன ஆகும் என்பதற்கான சான்றைப் பின்னர் மதீனாவில் காண்போம்.

உள்ளே இருந்தவர் நிலை இது. வெளியே இருந்தவர் நிலை என்ன?

பனூ ஹாஷிம் குடும்பத்தோடு உறவு முறை உடையவர் ஹிஷாம் இப்னு அம்ர் என்பவர். இரவு வேளையில் ஓர் ஒட்டகத்தின்மீது உணவுப் பொருள்களை ஏற்றிக் கணவாயின் வாய் வரைக்கும் நடத்திச் செல்வார். அங்கே மூக்கணாங்கயிற்றைக் கழற்றிவிட்டு அதன் விலாவில் ஓர் அடி கொடுப்பார். ஒட்டகம் தானே உள்ளே ஓடிவிடும். காலையில் அவரும் மற்றக் குறைஷியரைப் போலவே சபையில் வந்து அமர்ந்திருப்பார். இவ்வாறு எத்தனை இரவுகள்! மனச்சான்று இரவில் ஒட்டகம் ஓட்டியது. அச்சம் பகலில் வாய் மூடியிருந்தது.

ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. ஸுஹைர் இப்னு அபீ உமையாவிடம் சென்றார். ஸுஹைரின் தாய் அப்துல் முத்தலிபின் மகள். நீர் உண்டு உடுத்து வாழ, உம்முடைய தாய்மாமன்மார் இந்த நிலையில் கிடப்பது உமக்குச் சம்மதமா என்று கேட்டார் ஹிஷாம். ஸுஹைர் அதை மறுத்துப் பேசவில்லை. விலக்கு நியாயமானது என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு: நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? இன்னொருவர் மட்டும் என்னோடு இருந்தால் அந்த ஏட்டைக் கிழிக்கப் புறப்படுவேன். அந்த இன்னொருவர் கிடைத்துவிட்டார் என்றார் ஹிஷாம். யார் என்று கேட்டார் ஸுஹைர். நான்தான் என்றார் ஹிஷாம். அப்படியானால் மூன்றாமவரைத் தேடும் என்றார் ஸுஹைர்.

ஹிஷாம் முத்இம் இப்னு அதீயிடம் போனார். அதே பேச்சு, அதே கேள்வி, அதே விடை. நான்காமவரைத் தேடும் என்றார் முத்இம். நான்காமவர் நாம் மேலே குறிப்பிட்ட அபுல் பக்தரீ. அவரும் ஐந்தாமவரைத் தேடச் சொன்னார். ஐந்தாமவர் ஸம்ஆ இப்னு அஸ்வத். ஐவரும் இரவில் ஹஜூன் என்னுமிடத்தில் கூடி முடிவு செய்தனர். மறுநாள் காலை ஸுஹைர் நல்லாடை உடுத்துக் கஃபாவை வலம் வந்து, பனூ ஹாஷிம் அழிந்துகொண்டிருக்க நாம் உண்டு களித்திருப்பதா, இந்த அநியாய ஏடு கிழிக்கப்படும் வரை உட்காரமாட்டேன் என்று முழங்கினார். பொய் சொல்கிறாய் என்று எழுந்தான் அபூஜஹ்ல். ஸம்ஆ எதிர்த்துப் பேசினார். ஓர் ஓரத்திலிருந்து அபுல் பக்தரீயும், மற்றோர் ஓரத்திலிருந்து முத்இமும், அடுத்து ஹிஷாமும் குரல் கொடுத்தனர். இது இரவிலேயே பேசி முடித்த காரியம் என்று அபூஜஹ்ல் முனகினான். அவன் வாயிலிருந்து வந்த உண்மைகளுள் அதுவும் ஒன்று. முத்இம் ஏட்டை எடுக்கப் போனபோது, இறைவனின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கரையான் அரித்திருந்தது.

ஐந்து பேர்! ஒரு நகரம் கையெழுத்திட்ட விலக்கை உடைக்க ஐந்து பேர் போதுமானவராயினர். இந்த ஐவரும் அதற்கு முந்திய ஆண்டுகளில் எங்கே போயிருந்தனர்? அவர்கள் மக்காவில்தான் இருந்தனர். ஒரே சபையில்தான் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவரும் தாம் ஒருவரே இவ்வாறு எண்ணுவதாக எண்ணியிருந்தனர். இந்த மயக்கத்திற்கு உளநூலில் ஒரு பெயரே உண்டு. 1931-ல் டேனியல் காட்ஸ், ஃபிளாய்டு ஆல்போர்ட் என்னும் இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே இதனைக் கண்டு எழுதினர். தங்கள் மாணவர் சங்கத்தில் சிறுபான்மையினரைச் சேர்ப்பதற்குப் பலருக்குத் தம்மளவில் ஆட்சேபணை இல்லை. மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியதாலேயே கதவு மூடிக்கிடந்தது. 1951-ல் சாலமன் ஆஷ் செய்த சோதனையும் இங்கே நினைவுக்கு வருகிறது. கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, கூட இருப்பவர் அனைவரும் ஒருமுகமாகத் தவறாகச் சொன்னால், மனிதர் பல வேளைகளில் தாமும் தவறாகவே சொல்லிவிடுகின்றனர். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அந்தப் பிழை மிகப் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஸுஹைர் கேட்டதும் அந்த ஒருவரைத்தானே!

ஐவருள் இருவரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. தாயிஃபிலிருந்து திரும்பிய பெருமானாருக்கு மக்காவினுள் நுழையப் பாதுகாப்பு அளித்தவர் முத்இம். அவர் முஸ்லிமாகாமலே மறைந்தார். பத்ரு வெற்றிக்குப் பின், முத்இம் உயிரோடிருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்று பெருமானார் (ஸல்) கூறியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. அபுல் பக்தரீ பத்ரில் எதிரணியில் வந்தார். அவரைக் கொல்லலாகாது என்று நபிகளார் முன்பே கட்டளையிட்டிருந்தனர். எதிர்ப்பட்ட வீரர் அதைத் தெரிவித்தபோது, என்னோடு வந்த தோழன் கதி என்ன என்று கேட்டார் அபுல் பக்தரீ. அவனுக்கு அந்தச் சலுகை இல்லை என்றறிந்ததும், தோழனைத் தனியே விட்டுவிட்டு உயிர் பிழைத்தான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்று போரிட்டு மடிந்தார். விலக்கப்பட்டவருக்காக எழுந்தவர் இறுதியிலும் ஒருவரைத் தனியே விட மனம் கொள்ளவில்லை.

இனி மதீனா. ஹிஜ்ரி 9, ரஜபு மாதம், கி.பி. 630. தபூக் படையெடுப்பின் காலம். கடும் வெயில். பேரீச்சை கனிந்து தோப்பு நிழல் இனிக்கும் வேளை. கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பெருமானாரின் மூன்று பெரும் கவிஞர்களுள் ஒருவர். அகபா உடன்படிக்கையில் கைகொடுத்தவர். அந்தப் பயணத்தின்போது அவர்களிடம் இருந்த வசதி அதற்குமுன் என்றும் இருந்ததில்லை. இரண்டு வாகனங்கள் இருந்தன. நாளை ஆயத்தமாகிவிடலாம், நாளை ஆயத்தமாகிவிடலாம் என்று நாட்கள் போயின. படையும் போயிற்று. தெருவில் இறங்கி நடந்தபோது கண்ணில் பட்டவர் முனாஃபிக்குகள் என்று ஐயுறப்பட்டவரும் நோயுற்ற எளியவருமே. தாம் எந்தக் கூட்டத்தில் நிற்கிறோம் என்று கண்ட அந்தக் கணத்திலேயே அவர்களின் தண்டனை தொடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

படை திரும்பியது. பின்தங்கிய எண்பதுக்கு மேற்பட்டோர் வந்து சாக்குப்போக்குச் சொல்லிச் சத்தியம் செய்தனர். பெருமானார் (ஸல்) அவர்களின் வெளிச்சொல்லை ஏற்றுக்கொண்டு உள்ளத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டனர். கஃபு (ரலி) அவர்கள் நாவன்மை மிக்கவர். ஒரு காரணம் புனைய அவர்களுக்கு அரைநொடி போதும். ஆனால் எனக்கு ஒரு காரணமும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். இறைவன் தீர்ப்பளிக்கும் வரை காத்திருக்குமாறு உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் பனூ ஸலிமா குலத்தார் பின்னாலேயே ஓடிவந்து, நீரும் ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று குறைப்பட்டனர். அவர்கள் வற்புறுத்திய வேகத்தில், திரும்பிப் போய் முன் சொன்னதை மாற்றிவிடலாமா என்றே கஃபுக்குத் தோன்றியதாம். அப்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: என்னைப் போன்ற நிலையில் இன்னொருவர் உண்டா? இருவர் உண்டு என்றனர்: முராரா இப்னு ரபீஉ, ஹிலால் இப்னு உமையா. இருவரும் பத்ரில் கலந்துகொண்ட நல்லோர். அந்தப் பெயர்களைக் கேட்டதும் கஃபு தம் வழியே நடந்தார்கள்.

மக்காவில் ஸுஹைர் கேட்ட அதே கேள்வி! அங்கே விலக்கை உடைக்க ஒருவன் துணை தேடினான். இங்கே விலக்கைத் தாங்க ஒருவர் துணை தேடினார்.

மூவரோடும் பேசலாகாது என்று கட்டளை பிறந்தது. முராராவும் ஹிலாலும் வீட்டினுள் அமர்ந்து அழுதுகொண்டிருந்தனர். மூவரில் இளையவரும் திடமானவருமான கஃபு தொழுகைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்தார்கள். யாரும் பேசவில்லை. தொழுகை முடிந்து பெருமானாரின் சபைக்கு வந்து ஸலாம் உரைப்பார்கள். பதிலுக்கு அந்தத் திருவிதழ்கள் அசைந்தனவா இல்லையா என்று தமக்குள் கேட்டுக்கொள்வார்கள். அருகே நின்று தொழுவார்கள், ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். தாம் தொழுகையில் இருக்கும்போது பெருமானார் தம் பக்கம் பார்ப்பதையும், தாம் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கண்டார்கள். நடந்து பழகிய மதீனத்து மண் தமக்கு அறிமுகமில்லாத வேறு மண்ணாக மாறிவிட்டதென்று பின்னாளில் சொன்னார்கள். இதே உணர்வைத்தான் தௌபா அத்தியாயத்தின் 118-ஆம் வசனம், விரிந்த பூமியும் தம் சொந்த உயிரும் அவர்களுக்கு நெருக்கமாகிப் போனதாக எடுத்துரைக்கிறது.

இதழ் அசைந்ததா என்று தேடும் அந்தக் கண்ணைப் பற்றி நம் காலத்து ஆய்வாளரும் எழுதியிருக்கின்றனர். விலக்கப்படுவோம் என்ற அச்சத்தில் வைக்கப்பட்டவர்கள் பல முகங்களைப் பார்க்கும்போது சிரித்த முகத்தையே முதலில் கண்டுபிடிப்பதாகவும், அதனை விட்டுக் கண்ணெடுக்கச் சிரமப்படுவதாகவும் 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்பவர் வாழ்நாள் முழுவதும் இத்துறையிலேயே உழைத்த அமெரிக்க உளநூலார். ஒரு பூங்காவில் அவர் அமர்ந்திருந்தபோது இருவர் வீசி விளையாடிய தட்டு அவரருகே வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்களும் அவருக்கு வீசினர். சிறிது நேரம் மூவரும் ஆடினர். பிறகு அவ்விருவரும் ஒன்றும் சொல்லாமல் தங்களுக்குள் மட்டும் வீசத் தொடங்கினர். முன்பின் அறியாதவர்கள், ஒரு சில நிமிடப் பழக்கம். அப்படியும் அது தம்மை எவ்வளவு சுட்டது என்று வியந்து அதையே சோதனையாக்கினார். கணினித் திரையில் மூவர் பந்து வீசுவது போன்ற அந்த விளையாட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எதிரே இருப்பது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களும் பந்து வராதபோது வருந்தினர் என்பது பிறகு தெரியவந்தது. 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தார் அந்த விளையாட்டில் ஒதுக்கப்பட்டவரின் மூளையைப் படம் பிடித்தனர். உடல் வலியின்போது தூண்டப்படும் பகுதியொன்று அப்போதும் தூண்டப்பட்டதாக அறிவித்தனர். அதன் பொருளைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. வலித்தது என்பதில் விவாதமில்லை. கணினி வீசாத பந்துக்கே இந்த வலியென்றால், உயிரினும் மேலாக நேசித்தவரின் ஸலாமுக்குக் காத்துநின்ற கஃபின் நிலை என்ன!

ஒரு நாள் தாங்க முடியாமல் அபூ கதாதாவின் தோட்டச் சுவரேறி உள்ளே போனார்கள். அவர் தந்தைவழி உறவினர். மனிதர்களுள் தமக்கு மிகப் பிரியமானவர். ஸலாம் சொன்னார்கள், பதில் வரவில்லை. அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நான் நேசிக்கிறேன் என்பதை நீர் அறியமாட்டீரா என்று கேட்டார்கள், மௌனம். மீண்டும் கேட்டார்கள், மௌனம். மூன்றாம் முறை, அல்லாஹ்வும் அவன் தூதருமே நன்கறிவர் என்ற விடை மட்டும் வந்தது. கண்ணீர் பெருக, வந்த சுவரைத் தாண்டியே திரும்பினார்கள். அபூ கதாதா அந்த இரவு உறங்கியிருப்பாரா? வரலாறு அதைச் சொல்லவில்லை.

பின்னர் கடைத்தெருவில் ஒரு காட்சி. சிரியாவிலிருந்து தானியம் விற்க வந்த ஒரு நபத்தியன், கஃபு இப்னு மாலிக் யார் என்று விசாரித்தான். மக்கள் கையால் சுட்டிக்காட்டினராம். அவன் கொடுத்தது கஸ்ஸான் மன்னனின் கடிதம். உம் தலைவர் உம்மை ஒதுக்கிவிட்டாரென அறிந்தோம்; இழிவுக்குரிய இடத்தில் நீர் இருக்க வேண்டியதில்லை; எம்மிடம் வாரும், ஆதரிப்போம் என்பது அதன் சாரம். ஊரார் முகத்தைத் திருப்பிய வேளையில், முன்பின் காணாத ஓர் அரசன் பெயர் சொல்லி அழைக்கிறான்! ஒதுக்கப்பட்ட மனிதன் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் எந்தக் கையையும் பற்றத் துடிப்பான் என்பதை அந்த மன்னன் எந்த உளநூலும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தான். வெளியேற்றப்பட்ட பிள்ளைகளை யார் யாரோ வந்து அணைத்துக்கொண்டு போவதை நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? கஃபு அந்தக் கடிதத்தை அடுப்பிலிட்டார்கள். இதுவும் ஒரு சோதனையே என்று சொல்லிக்கொண்டார்கள்.

நாற்பதாம் நாள், மனைவியரையும் விட்டு விலகியிருக்கக் கட்டளை வந்தது. மணவிலக்கு அன்று என்பதும் தெளிவாக்கப்பட்டது. ஹிலால் முதியவர்; பணிவிடை செய்ய ஆளில்லாதவர். அவருடைய மனைவி பெருமானாரிடம் சென்று முறையிட்டபோது, உணவு சமைத்துக் கொடுத்துப் பணிவிடை செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது.

இந்த ஐம்பது நாட்களை ஆதாரமாகக் காட்டியே நமது ஊர்களில் ஒரு வழக்கம் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. ஊர்விலக்கு என்றும் ஜமாஅத் கட்டுப்பாடு என்றும் அதற்குப் பெயர். நிக்காஹ் தப்தர் தரமாட்டார்கள், மையித்துக்கு மையவாடியில் இடம் மறுப்பார்கள், சந்தா வாங்கமாட்டார்கள். நாம் சிறுவராயிருந்த நாளில் நமது தெருவிலும் ஒரு வீடு அவ்வாறு கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருந்தது. காரணம் என்னவென்று அன்று நமக்குத் தெரியாது. பின்னாளில் விசாரித்தபோது பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்த வீட்டுப் பையன் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து ஓதியவன். நார்சா பங்கிடும் நாளில் அவன் வரிசையிலேயே நிற்கமாட்டான். தூணோரம் போய் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனோடு பேசாதே என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. உஸ்தாதும் சொன்னதில்லை. ஆயினும் நாம் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்றிருந்தது. பல்லாண்டுகள் கழித்து, அன்று நம்மோடு ஓதிய நண்பரொருவர் தாமும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். அதற்குள் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய் வெகுகாலமாகியிருந்தது.

கஃபின் வரலாற்றை எடுத்துக்காட்டுவோர் அதை முழுமையாகப் படிக்க வேண்டும் என்பது நமது பணிவான வேண்டுகோள். அன்று விலக்கப்பட்டவர் பொய் சொன்ன எண்பது பேர் அல்லர். உண்மை சொன்ன மூவர். அன்பினால் கட்டுண்ட நெஞ்சத்திற்கே அந்த மருந்து பயன்படும். கட்டில்லாதவனை விலக்கி ஆவதென்ன? பள்ளிவாசல் அவர்களுக்கு அடைக்கப்படவில்லை. கடைத்தெரு அடைக்கப்படவில்லை. சொத்தின்மீது யாரும் கைவைக்கவில்லை. பிள்ளைகளின் திருமணம் தடுக்கப்படவில்லை. முதியவரின் சோற்றுக்கு வழி விடப்பட்டது. தொடங்கியதும் முடிந்ததும் மனிதர் சிலரின் மனத்தாங்கலால் அன்று. வஹீ இறங்கி முடித்து வைத்தது. வஹீயின் வாயில் மூடப்பட்ட பின்னர், ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஆகாது என்ற நபிமொழியல்லவா நமக்கு எல்லை? அந்த நபிமொழி, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் சொல்கிறது.

சட்டமும் இதில் தடுமாறியே வந்திருக்கிறது. பம்பாய் மாகாணம் 1949-ல் சமய விலக்கைத் தடை செய்தது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில், சமய உரிமையைக் காரணமாகக் காட்டி 1962-ல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பை மீண்டும் ஆராயும் பொறுப்பு 2023-ல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதனிடையே 2016-ல் மகாராஷ்டிரம் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவாகச் சமூக விலக்கைக் குற்றமாக்கி ஒரு சட்டம் நிறைவேற்றியது. சட்டம் கதவைத் திறக்கச் சொல்லலாம். தூணோரம் நிற்கும் சிறுவன் பக்கத்தில் போய் நிற்கும்படி எந்தச் சட்டமும் யாருக்கும் உத்தரவிட முடியாது.

ஐம்பதாம் நாள் விடியலில் கஃபு தம் வீட்டு மாடியில் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தார்கள். ஸல்உ மலையுச்சியிலிருந்து ஒருவர் உரத்த குரலில் நற்செய்தி கூவினார். இன்னொருவர் குதிரையில் பறந்து வந்தார்; குதிரையைக் குரல் முந்திவிட்டது. கஃபு ஸஜ்தாவில் விழுந்தார்கள். குரல் கொடுத்தவர் வந்து சேர்ந்ததும் உடுத்திருந்த இரண்டு துணிகளையும் அவருக்கே பரிசளித்துவிட்டு, இரவல் துணி உடுத்துப் பள்ளிக்கு ஓடினார்கள். வழியெல்லாம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து வாழ்த்தினர். ஐம்பது நாட்களாக அடைத்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் அன்று வெளிவந்தது போலும்! பெருமானாரின் திருமுகம் நிலவின் துண்டு போல் ஒளிர்ந்தது.

பள்ளியினுள் நுழைந்தபோது தல்ஹா இப்னு உபைதுல்லாஹ் (ரலி) எழுந்து, விரைந்து ஓடிவந்து, கைப்பிடித்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறு யாரும் எழவில்லை. ஆண்டுகள் பல கடந்தன. கஃபு (ரலி) அவர்களின் பார்வை மங்கி மறைந்தது. மகன் அப்துல்லாஹ் கைப்பிடித்து நடத்திச் செல்வார். அந்த மகனுக்குத் தந்தை இந்த நிகழ்ச்சி முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். கஸ்ஸான் மன்னன் கடிதத்தையும், அபூ கதாதாவின் சுவரையும், மலையிலிருந்து வந்த குரலையும் சொன்னார்கள். தல்ஹா எழுந்து வந்த இடத்திற்கு வந்தபோது, அதை என்றும் மறக்க மாட்டேன் என்றார்கள்.